பூந்தோட்டமும் காமிராவும்

பயணம் சென்று திரும்பியவர் வீட்டில் நிகழும் ஒரு காட்சி நம் அனைவருக்கும் பழக்கமானதே. பெட்டி படுக்கையைப் பிரிப்பதற்கு முன்பே படங்கள் வெளியே வந்துவிடும். சுற்றமும் நட்பும் சூழ்ந்து உட்கார்ந்து பார்க்கும். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனிக் கடைசியில் காஷ்மீரம் சென்று திரும்பிய நானும் அவ்வாறே செய்தேன். ஸ்ரீநகரத்து ட்யூலிப் தோட்டத்தில் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை என் பெரியம்மாவின் முன் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எண்பது வயதைக் கடந்த அவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பொறுமையாகப் பார்த்தார். சிவப்புப் பூ, மஞ்சள் பூ, வெள்ளைப் பூ, மீண்டும் சிவப்புப் பூ. கடைசியில் நிமிர்ந்து, "பூவெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, அப்பா. நீ போன ஊர் எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு மறுமொழி கூற இயலவில்லை. இரண்டாயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து, பனிமலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் நின்று, நான் கொண்டுவந்தவை அனைத்தும் ஒரு தொட்டிச் செடியை வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே எடுத்திருக்கக் கூடிய படங்கள்! நான் மலர்களைப் படம் எடுத்திருந்தேனேயன்றித் தோட்டத்தைப் படம் எடுக்கவில்லை. அந்தச் சிவப்பு மலர்களிலுங்கூட இதழின் மடிப்போ நரம்போ தெரியவில்லை. குங்குமத்தைக் கொட்டியது போன்ற திட்டுகளே தெரிந்தன. அன்று தொடங்கி இது பற்றி நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே கூற விரும்புகிறேன். வசந்தகாலத் தோட்டங்களைக் காணச் செல்லும் அன்பர்களுக்கு இவை பயன்படக்கூடும்.

முதலில், வசந்தம் எப்பொழுது எங்கே வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. ஆனால் இந்திய நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் அக்கணக்கு பொருந்தாது. டில்லியின் மலர்க்காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. அதாவது நாம் பின்பனி என்று கூறும் மாசி மாதத்திலேயே அங்கே வசந்தம் உச்சத்தை அடைந்துவிடுகிறது. பங்குனி பிறந்தால் வெயில் ஏறி, மலர்கள் வாடத் தொடங்கும். அப்பொழுது வசந்தம் வடக்கே நகர்ந்து காஷ்மீரப் பள்ளத்தாக்கை அடைகிறது. அங்கே மார்ச் மாதத்தில் முதலில் மலர்வது வாதுமை. ஸ்ரீநகரில் ஹரி பர்வதக் குன்றின் அடிவாரத்திலுள்ள பாதாம்வாரி என்னும் வாதுமைத் தோப்பு இலை தளிர்க்கும் முன்பே வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரலில் ட்யூலிப். பிறகு ஆப்பிள் மரங்களின் பூ. மே மாதத்தில் ரோஜா. ஆகவே ஒரு பயணி மனம் வைத்தால், டில்லியிலிருந்து வசந்தத்தைப் பின்தொடர்ந்தே இரண்டு மூன்று மாதம் செல்லலாம்.

டில்லியில் காணத்தக்க தோட்டங்களுள் தலையாயது குடியரசுத் தலைவர் மாளிகையைச் சார்ந்தது. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்தை மாளிகையை வகுத்த சிற்பியாகிய எட்வின் லுட்யன்ஸே அமைத்தார். மொகலாயர் முறையைத் தழுவி, குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் நீரோடைகளும், அவை கூடும் இடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகளும் கொண்டது அது. நெடுங்காலம் மொகலாயத் தோட்டம் என்றே வழங்கிய அதற்கு 2023 ஜனவரியில் அம்ருத் உத்யான் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் சில வாரங்கள் பொதுமக்கள் அதனுள் அனுமதிக்கப்படுகின்றனர். இத்தகைய இடத்திற்கு எவ்வகைக் கருவியைக் கொண்டு செல்லலாம் என்பதற்கு விதிகள் உண்டு. வாயிலில் நின்று வருந்துவதைவிட முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம். லோடி தோட்டமோ யாவருக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்லறை மாடங்களின் எதிரே பூப்பாத்திகள் விரிந்திருக்கும். பழங்கல்லின் பழுப்பு நிறம் பின்னணியாக அமையும்போது மலரின் நிறம் எடுப்பாகத் தோன்றுவதோடு, "எந்த ஊர்?" என்னும் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

இனிக் காஷ்மீரம். டால் ஏரியின் கீழ்க்கரையில் ஜபர்வான் மலைத்தொடர் அரணாக நிற்கிறது. அம்மலையின் அடிவாரத்தில்தான் புகழ்பெற்ற தோட்டங்கள் வரிசையாக அமைந்துள்ளன. மன்னர் ஜஹாங்கீர் 1619ஆம் ஆண்டு வாக்கில் அமைத்தது ஷாலிமார். அரசி நூர்ஜஹானின் தமையனார் ஆஸப்கான் அமைத்தது நிஷாத். பன்னிரண்டு படித்தளங்களாக மலையிலிருந்து ஏரியை நோக்கி இறங்குவது. ஷாஜஹான் காலத்தது சஷ்மே ஷாஹி. இவற்றோடு நம் காலத்தில் சேர்ந்தது 2007ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இந்திரா காந்தி நினைவு ட்யூலிப் தோட்டம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பில், படிப்படியான தளங்களில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் அங்கே பூக்கின்றன. ஆசியாவிலேயே மிகப் பெரிய ட்யூலிப் தோட்டம் என்று அதனைச் சிறப்பித்துக் கூறுவர்.

ட்யூலிப் என்றவுடன் ஹாலந்து தேசம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இத்தோட்டத்துக் கிழங்குகளும் அங்கிருந்து வருவித்தவையே. எனினும் அம்மலரின் பூர்விகம் மத்திய ஆசிய மலைகள். காஷ்மீரத்துக்கும் அது புதிதன்று. மண் வேய்ந்த பழைய வீட்டுக் கூரைகளின்மேல் ட்யூலிப்பும் ஐரிஸும் தாமே பூத்து நிற்பது அந்நாட்டின் பழைய வழக்கம். கிழங்குகளை இலையுதிர் காலத்தில் நடுகின்றனர். குளிர்காலம் முழுவதும் அவை மண்ணுக்குள் உறங்குகின்றன. அந்தக் குளிர் கிட்டாவிடில் பூத்தண்டு ஒழுங்காக நீளாது. ஆகவே நாம் ஏப்ரலில் காணும் மலர், முந்திய ஆண்டின் ஐப்பசியிலேயே தோட்டக்காரர் செய்த வேலையின் பயன். முன்னே பூப்பன, நடுவே பூப்பன, பின்னே பூப்பன என்று வகை பார்த்து நட்டும்கூட, தோட்டம் முழுவதும் பொலிந்திருக்கும் காலம் ஒரு மாதத்தைத் தாண்டுவது அரிது. ஒரு தனி மலரின் வாழ்நாளோ சில நாட்களே. ஒரு பெருமழை பெய்தால் அதுவும் குறையும். இதனை எண்ணிப் பார்த்தால், காமிராவைக் கையில் எடுக்கும்போது நமக்குச் சற்றே நிதானம் வரும்.

இந்த நிதானத்திற்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்திய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1620ஆம் ஆண்டு வசந்தத்தில் ஜஹாங்கீர் காஷ்மீரத்தில் தங்கியிருந்தார். மலர்களில் தணியாத ஆர்வமுடைய அம்மன்னர், தம் அவை ஓவியரான உஸ்தாத் மன்ஸூரைக் கொண்டு அங்குள்ள பூக்களை வரைவித்தார். அவ்வாறு வரையப்பெற்றவை நூற்றுக்கும் மேற்பட்டவை என்று மன்னரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவற்றுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன; மன்ஸூரின் கைவண்ணமாகக் கருதப்படும் சிவப்பு ட்யூலிப் ஓவியம் ஒன்று அவற்றுள் புகழ்பெற்றது. ஓவியருக்கு ஒரு மலரை வரைய மணிக்கணக்காக அதன் முன் அமர வேண்டியிருந்தது. நமக்கோ கண் இமைக்கும் நேரம் போதும். அதனால்தான் நாம் பார்க்காமலே படம் எடுத்துவிடுகிறோம். தோட்டத்தில் நுழைந்ததும் காமிராவை உறையிலேயே வைத்துவிட்டு ஒரு முறை முழுவதும் சுற்றி வருவது, நான் என் இரண்டாம் பயணத்தில் கைக்கொண்ட முதல் விதி. கால்மணி நேரம் செலவாயிற்று; அது வீணாகவில்லை.

அப்படிச் சுற்றி வரும்போது கவனிக்க வேண்டியது ஒளியின் திசை. மலை தோட்டங்களுக்குக் கிழக்கே இருக்கிறதென்று கூறினேன். ஆகவே முற்பகலில் மலையை நோக்கிக் காமிராவைப் பிடித்தால் சூரியன் எதிரே நிற்கும். மலை நீலப் புகைபோல மங்கித் தோன்றும். பிற்பகலில் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்து, மலையின் ஒவ்வொரு மடிப்பையும் பாத்தியின் ஒவ்வொரு வரிசையையும் தெளிவாகக் காட்டும். எனவே மலையும் தோட்டமும் சேர்ந்த படத்திற்குப் பிற்பகலே ஏற்றது. அப்படியானால் முற்பகல் பயனற்றதா? அன்று. எதிரொளியில் ட்யூலிப் இதழ் கண்ணாடி விளக்குப் போல உள்ளிருந்தே ஒளிவிடும். மெல்லிய இதழின் ஊடே ஒளி புகுந்து வருவதே காரணம். அவ்வேளையில் தாழ அமர்ந்து, சூரியன் நேரே லென்ஸில் விழாதபடி கையால் மறைத்துக்கொண்டு, சில மலர்களை மட்டும் எடுக்கலாம். முற்பகல் மலருக்கு, பிற்பகல் தோட்டத்துக்கு என்று பொழுதைப் பங்கிட்டுக்கொள்ள மலையே நமக்கு வழி காட்டுகிறது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ட்யூலிப் மலர் வெப்பத்தில் விரியும், குளிரில் குவியும். காலையில் கிண்ணம்போல் குவிந்திருக்கும் அதே மலர், நண்பகல் வெயிலில் தட்டுப்போல் விரிந்து உள்ளிருக்கும் மகரந்தக் காம்புகளைக் காட்டும். மாலையில் குளிர் இறங்கியதும் மீண்டும் குவியும். கிண்ண வடிவம் வேண்டுவோர் காலையில் செல்ல வேண்டும். பெரும்பாலும் காலையில் காற்றும் அடங்கியிருக்கும். காற்றில் ஆடும் மலரை எடுக்க நேர்ந்தால் ஷட்டரின் வேகம் ஒரு விநாடியில் 250இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைந்த நேரமாக இருப்பது நன்று. இல்லையேல் இரண்டு காற்றுகளுக்கு இடையே மலர் அசையாது நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நொடி பெரும்பாலும் வரவே செய்கிறது.

வானம் மேகமூட்டமாக இருந்தால் பயணிகள் மனம் சோர்ந்துவிடுவர். மலர்ப் படத்திற்கு அதுவே நல்ல காலம் என்பதை அவர்கள் அறியார். மேகம் ஒரு பெரிய வெண்திரைபோல் நின்று ஒளியைப் பரப்புகிறது. இதழ்களின்மேல் கரிய நிழல் விழுவதில்லை. மென்மையான நிற வேறுபாடுகள் அழியாமல் பதிகின்றன. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அத்தகைய நாளில் வெளுத்த வானத்தைப் படத்தில் மிகுதியாகச் சேர்க்கலாகாது. காமிராவைச் சற்றே கீழ்நோக்கிப் பிடித்தால் போதும்.

இனி நிறத்தைப் பற்றிக் கூறுவேன். என் முதற் பயணத்துச் சிவப்பு மலர்கள் ஏன் குங்குமத் திட்டுகளாயின? இக்காலத்துக் காமிராவாயினும் கைபேசியாயினும், ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்தே பதிவு செய்கிறது. சிவந்த மலரிலிருந்து சிவப்பு ஒளி மட்டுமே மிகுதியாக வருகிறது. கருவியோ மூன்றையும் சேர்த்துச் சராசரி பார்த்து, ஒளி போதவில்லை என்று தவறாக முடிவு செய்து, மேலும் ஒளியை ஏற்றுகிறது. சிவப்புப் பகுதி நிரம்பி வழிந்து, இதழின் மடிப்பும் நரம்பும் மறைந்துவிடுகின்றன. மருந்து எளிது. காமிராவில் ஒளியை அரைப்படி முதல் ஒரு படி வரை குறைத்து எடுக்க வேண்டும். கைபேசியில் திரையிலுள்ள மலரின்மேல் விரலை வைத்து, தோன்றும் ஒளிக்குறியைக் கீழே இழுத்தால் அதே பயன் கிட்டும்.

வெள்ளை மலருக்கோ இதற்கு நேர்மாறான மருந்து. ஒளியளக்கும் கருவி, தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும் இயல்புடையது. வாதுமைப் பூ நிறைந்த கிளையையோ பனிமூடிய சிகரத்தையோ காட்டினால், "ஒளி மிகுந்துவிட்டது" என்று குறைத்துவிடும், வெண்மை அழுக்காகும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். பனிமலை பின்னணியாகவும் மலர் முன்னணியாகவும் அமையும்போது மலர் இருண்டு போவதும் இதனாலேதான். அவ்விடத்தில் மலருக்கு ஒளியளந்து எடுப்பதே முறை.

நீல மலர்களைப் பற்றிப் பழைய பிலிம் காலத்து வேடிக்கை ஒன்று உண்டு. அஜிராட்டம் போன்ற சில நீலப் பூக்கள் வண்ணப் பிலிமில் இளஞ்சிவப்பாகப் பதிந்துவிடும். படம் கழுவியவரைப் பலர் குறை கூறியிருப்பர்; குற்றம் அவருடையதன்று. நம் கண் எளிதில் காணாத மிகச் சிவந்த கதிர்களையும் அம்மலர்கள் வீசுகின்றன. கண்ணுக்குத் தெரியாதது பிலிமுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைய கருவிகளில் அக்கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி உள்ளமையால் இக்குறை பெரிதும் நீங்கிவிட்டது. ஆயினும் நீலத்தையும் ஊதாவையும் எடுத்தபின், அங்கேயே திரையில் மலரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, நிற்கும் இடம். பாத்தியருகே நின்றபடி குனிந்து எடுத்தால், செடிகளுக்கு இடையேயுள்ள வெற்று மண் முழுவதும் தெரியும். மலரின் உயரத்திற்கு நாமும் தாழ்ந்தால், வரிசைகள் ஒன்றை ஒன்று மறைத்து, இடைவெளியற்ற நிறப் பரப்பாகத் தோன்றும். லென்ஸைத் தெரிந்தெடுப்பதிலும் இவ்வாறே. அகன்ற காட்சியைத் தரும் லென்ஸ் தோட்டத்தை விரித்துக் காட்டும். ஆனால் மலையைக் குன்றாகச் சுருக்கிவிடும். தொலைவைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸைக் கொண்டு சற்றே பின்வாங்கி நின்று எடுத்தால், மலை தன் முழு உருவத்தோடு பாத்திகளின் பின்னே எழுந்து நிற்கும். நேரில் நம் உள்ளத்தில் பதிந்த காட்சி பெரும்பாலும் இதுவே. முன்னிருக்கும் மலரும் பின்னிருக்கும் மலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமாயின், லென்ஸின் துவாரத்தை எப்-11 அல்லது எப்-16 அளவுக்குச் சுருக்க வேண்டும். ஒரு மலரை மட்டும் பிரித்துக் காட்டத் துவாரத்தை அகலத் திறக்க வேண்டும்.

மொகலாயத் தோட்டங்களில் இன்னொன்றையும் கருத வேண்டும். அவை மலருக்காக மட்டும் அமைந்தவை அல்ல. நீரும் படியும் மரமும் மலையும் ஒரே கோட்டில் அமைந்த கட்டடங்கள் என்றே அவற்றைக் கூறலாம். ஷாலிமாரில் நடுவே ஓடும் நீர்க்கால்வாயின் நேர்கோட்டில் நின்றால்தான் அதனை அமைத்தவரின் எண்ணம் நமக்கு விளங்கும். அங்கே அருவித் திரைக்குப் பின்னால் சுவரில் சிறு மாடங்கள் வரிசையாக உள்ளன. பகலில் பூச்சாடிகளும் இரவில் விளக்குகளும் வைத்து, அவற்றை நீர்த்திரையின் ஊடே கண்டு மகிழ்ந்தனராம். நிஷாத்தின் மேல்தளத்தில் நின்று மேற்கே நோக்கினால், படிகள் ஒவ்வொன்றாக இறங்கி ஏரியிலேயே கலந்துவிடுவதுபோல் தோன்றும். மாலை வேளைக்கு ஏற்ற இடம் அது. நீரூற்றுகளை எடுக்கையில், ஷட்டரை விரைவாக இயக்கினால் துளிகள் முத்துப்போல் நிற்கும். ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால் நீர் பட்டு நூல்போல் விழும். இரண்டாவதற்குக் காமிராவை ஏதேனும் கல்லின்மேலோ தாங்கியின்மேலோ அசையாது வைக்க வேண்டும்.

பயணத்தில் கருவிகளைப் பேணுவது பற்றியும் இரண்டொரு சொற்கள். குளிரில் பாட்டரியின் சக்தி விரைவில் குன்றும். மாற்றுப் பாட்டரியைச் சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது நலம். விமானத்தில் செல்வோர் மாற்று லிதியம் பாட்டரிகளைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்தவுடன் காமிராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். பைக்குள்ளேயே சிறிது நேரம் இருக்கட்டும். கைபேசியில் எடுப்போர் முதலில் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுப்பாராயின் பாதிக் குறைகள் நீங்கிவிடும்.

இத்தனையும் கற்றபின், கல்லாதவர்போல் நடந்துகொள்வோரையும் தோட்டங்களில் காண்கிறோம். நல்ல படத்துக்காகப் பாத்திக்குள் கால் வைப்போர் உண்டு; மலர்களுக்கு நடுவே குழந்தையை உட்கார வைப்போரும் உண்டு. மிதிபட்ட ட்யூலிப் அவ்வாண்டு மீண்டும் எழுந்து பூக்காது. இலை நசுங்கினால் கிழங்கு தனக்கு வேண்டிய உணவைச் சேர்த்துக்கொள்ள இயலாது. ஒருவர் படத்துக்காக அடுத்து வரும் ஆயிரம் பேரின் காட்சி கெடுகிறது. அவ்வாறே, அங்கே வேலை செய்வோரைப் படம் எடுக்குமுன் அவர் விருப்பத்தைக் கேட்பது நம் கடமை. மொழி தெரியாவிட்டாலும் காமிராவைக் காட்டித் தலையசைத்தால் அவர் புரிந்துகொள்வார்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமென்று நான் கருதும் ஒன்றைக் கூறுகிறேன். படத்தோடு நாளையும் இடத்தையும் எழுதி வைக்க வேண்டும். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதன்று. அமெரிக்க நாட்டில் லோவெல் என்னும் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் 1868ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் யாரோ ஒருவர் ஒரு படம் எடுத்தார். அதில் மரங்கள் இலையின்றி நிற்கின்றன. 2005ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அதே இடத்தில் எடுத்த படத்திலோ மரங்கள் தழைத்து நிற்கின்றன. ஓர் ஆண்டின் படத்தைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது என்பதை உணர்ந்த ஆராய்ச்சியாளர், நாள் குறித்த பழைய மலர்ப் படங்களைப் பலவாகத் திரட்டி, பாஸ்டன் நகரத்துத் தாவரத் தோட்டம் முதலிய இடங்களில் இன்று அதே செடிகள் பூக்கும் நாட்களோடு ஒப்பிட்டனர். வெப்பம் ஏற ஏற, செடிகள் முன்னதாகப் பூக்கின்றன என்பதற்கு அப்படங்கள் சான்றாயின. அவர்கள் கட்டுரை 2006இல் வெளிவந்தது. படம் எடுத்தவர்கள் எவரும் இத்தகைய பயனைக் கனவிலும் கருதியிரார். அவர்கள் செய்ததெல்லாம் தேதி எழுதி வைத்ததே.

நம் நாட்டிலும் இது கருதத்தக்க செய்தியாகும். 1901ஆம் ஆண்டு முதல் உள்ள கணக்கில், பகல் வெப்பம் மிகுந்த மார்ச் மாதமாக 2022ஆம் ஆண்டின் மார்ச் அமைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியும் அவ்வாறே தன் வரிசையில் முதலிடம் பெற்றது. டில்லியில் பூக்கள் உச்சத்தில் இருக்க வேண்டிய மாதங்கள் இவை. காஷ்மீரத்தில் வாதுமை பூக்கும் மாதமும் இவற்றுள் ஒன்று. எந்தத் தோட்டத்தில் எந்த மலர் எந்த நாளில் விரிந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் அறிய விரும்பினால், அதற்கு விடை கூறக்கூடியவை, பயணிகள் எடுத்துச் சென்ற படங்களே. கருவியே தேதியைப் பதிந்துகொள்கிறதே என்று சிலர் கூறலாம். கருவியின் கடிகாரம் தவறாக இருப்பதுண்டு. ஒருவர்க்கொருவர் செயலிகள் வழியே படங்களை அனுப்பும்போது அக்குறிப்பு பெரும்பாலும் அழிந்துபோவதும் உண்டு. நல்ல படங்கள் நாலைந்தையேனும் தாளில் அச்சிட்டுப் பின்புறத்தில் ஊர், தோட்டம், நாள், பொழுது ஆகியவற்றைக் கையால் எழுதி வையுங்கள். கையெழுத்து நெடுநாள் நிற்கும்.

என் இரண்டாம் பயணத்தில் நான் எடுத்த படங்கள் முப்பதுக்கு மேல் இரா. அவற்றுள் ஒன்று பிற்பகலில் எடுத்தது. முன்னே மஞ்சள் ட்யூலிப் வரிசை. நடுவில் முழந்தாளிட்டுக் களை பறிக்கும் முதிய தோட்டக்காரர், முழங்காலுக்குக் கீழே தொங்கும் காஷ்மீரத்து நீள அங்கியோடு. அவருக்குப் பின்னே இன்னும் தளிர்க்காத ஒரு பெரிய சினார் மரம். அதற்கும் அப்பால் மேகம் தங்கிய ஜபர்வான். ஊர் திரும்பியதும் அதனை இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்றைத் தோட்டக்காரருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தேன். மற்றொன்றைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பூ இவ்வளவு பூத்திருக்கிறது, மரத்தில் இன்னும் இலை விடவில்லையே! மலைக் காற்று வேறு. நல்ல குளிராக இருந்திருக்கும். பாவம், அந்தப் பெரியவர் அதிலும் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்" என்றார். பிறகு படத்தைத் திருப்பி, பின்புறத்தில் எழுதியிருந்த ஊரையும் நாளையும் வாய்விட்டு ஒரு முறை படித்துக்கொண்டார்.